அறுபத்தொரு நிறச் சேவல்

ஜெயக்கொடி அந்தப் பெட்டியை வாங்கி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பீரோவின் அடித்தட்டில், எப்போதோ ஒரு முறை கட்டும் பட்டுப்புடவைகளுக்கு அடியில், அது குப்புறக் கிடந்தது. குப்புறப் போட்டவளும் அவள்தான். மூடியின் மேல் அச்சடித்திருந்த சேவல், பீரோவைத் திறக்கும்போதெல்லாம் ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்கு ஆகவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை கிராஸ் ஸ்டிட்ச் வேலைக்கான சாமான்கள். வெள்ளைத் துணி ஒன்று; அங்குலத்துக்குப் பதினெட்டு கட்டம் வீதம் கண்ணுக்கே தெரியாத பொடி ஓட்டைகள். அறுபத்தொரு நிறத்தில் நூல். பதினாறு பக்கத்துக்கு வரைபடம். ஒவ்வொரு பக்கத்திலும் ஆயிரக்கணக்கில் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு குறி. முக்கோணம், தலைகீழ் முக்கோணம், கோடு போட்ட வட்டம், கோடு போடாத வட்டம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு குறிக்கு ஒரு நிறம். ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி மாதிரி தையல். அப்படி மொத்தம் அறுபத்தேழாயிரத்து இருநூறு தையல் போட்டால் சேவல் வரும் என்று பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்த அன்று அந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் அவள் மூடியை மூடினாள்.

அதற்கு முன்னால் அவள் தைத்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. கெட்டித் துணியில், பெரிய கட்டத்தில், ஒரு கிளி. ஒரு காம்பில் இரண்டு மாம்பழம். வாசலுக்கு ஒரு நல்வரவு. ஏழு நிறத்துக்கு மேல் எதிலும் போனதில்லை. சேலையூரில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தையல்காரப் பெண்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்து, கிளியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அது சுந்தரவல்லி என்ற பெண்மணியின் ஃபிளாட். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கூடத்துச் சுவரில் ஒரு துறைமுகம் மாட்டியிருந்தது. பாய்மரக் கப்பல்கள், ஈரமான படிக்கட்டு, தண்ணீரில் தெரியும் விளக்கு. கப்பலின் கயிறுகள் தலைமுடி கனத்துக்கு இருந்தன. ஓவியம் என்று நினைத்து ஜெயக்கொடி கிட்டே போனாள். அத்தனையும் தையல்.

"ஒரு வருஷம் ஏழு மாசம் ஆச்சு," என்றார் சுந்தரவல்லி, பின்னால் வந்து நின்று.

மற்றவர்கள் மடியிலும் அப்படியே. ஒருத்தி பனி மூடிய காட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையிலேயே பதினான்கு வெள்ளையாம். ஜெயக்கொடி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஆனாலும் கிளியின் வால் வெளியே தெரிந்திருக்கிறது. சுந்தரவல்லி அதை வாங்கிப் பார்த்தார். முதலில் பின்பக்கத்தைத் திருப்பினார், பிறகுதான் முன்பக்கம்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க இந்த மாதிரி சின்னதாவே பண்ணுங்க, ஜெயக்கொடி. பெரிய வேலை எல்லாருக்கும் வராது. ஆசைப்பட்டு வாங்கி எத்தனையோ பேர் பரண்ல போட்டிருக்காங்க."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு அங்கே ஒரு பெண் சாமான்களை விற்பதற்குக் கொண்டுவந்திருந்தாள். கிளம்பும்போது ஜெயக்கொடி, இருப்பதிலேயே கஷ்டமானது எது என்று கேட்டு அதை வாங்கினாள். கோபம் தாம்பரம் பாலம் வரைக்கும்தான் தாங்கியது. பாலத்தைத் தாண்டி ஷேர் ஆட்டோ முடிச்சூர் சாலையில் திரும்பும்போது அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பயம் என்றால் சும்மா பயம் இல்லை. அவள் இரண்டு மூன்று முறை வரைபடத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பார்த்தாள். மேசை போதவில்லை. குறிகள் எல்லாம் எறும்புச் சாரி மாதிரி ஊர்ந்தன. எங்கே தொட்டாலும் தப்பாகும் என்று தோன்றியது. ஒரு கட்டம் தள்ளிப் போட்டால் மொத்தச் சேவலும் கோணிப் போகும். மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

அவளுடைய கணவர் துரைராஜுக்கு முடிச்சூர் சாலையிலேயே சிமெண்ட், கம்பிக் கடை. அவருடைய அப்பா ஏர் ஓட்டிய நிலம் மனைகளாகிப் போனபோது வந்ததில் போட்ட கடை. நல்ல மனிதர், கலகலப்பானவர். நாலு பேர் கூடிவிட்டால் சிரிக்க வைக்காமல் விடமாட்டார். சிரிக்க வைப்பதற்குப் பெரும்பாலும் கையருகில் கிடைப்பவள் ஜெயக்கொடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை சுபத்ரா, கோவிலம்பாக்கத்திலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்தாள். மகள் உதயாவுக்கு வளைகாப்பு. அன்றைக்கு எந்தப் புடவை கட்டலாம் என்று பேச்சு வந்து, கல்லூரியில் படிக்கும் மகள் தேவதர்ஷினி அம்மாவின் பீரோவைக் குடைந்தாள். புடவையோடு பெட்டியும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது.

"இன்னா அண்ணி இது, சேவலு?" என்றாள் சுபத்ரா.

துரைராஜ் முந்திக்கொண்டார். "அத்த இன்னும் தொறக்கவே இல்ல. தொறந்தாலும் பாதிதான். ஜெயா ஆரம்பிச்சது எல்லாமே நம்ம வூட்டுல பாதி. டைப்ரைட்டிங் பாதி, பி.காம் பாதி, பியூட்டி பார்லர் கோர்ஸ் பாதி. இப்ப சேவலு! தலைய போட்டுட்டு வால வுட்ருவா, பாத்துகினே இரு."

எல்லோரும் சிரித்தார்கள். தேவதர்ஷினியும் சிரித்தாள். ஜெயக்கொடியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்று பூராவும் அவளை அறுத்தது மற்றவர்களின் சிரிப்பு இல்லை, தன் வாயிலிருந்து வந்த அந்தச் சிரிப்புதான்.

மறுநாள் காலை துரைராஜ் கடைக்குப் போனதும் அவள் பெட்டியை எடுத்து மேசை மேல் நிமிர்த்தி வைத்தாள்.

நடுவிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தது குறிப்பு. நடு எது என்று பார்த்தால் கழுத்துச் சிறகு. பழுப்பிலேயே ஒன்பது பழுப்பு. ஓரத்திலிருந்து தொடங்கலாம் என்று சில வீடியோக்கள் சொல்லின. ஓரத்தில் வெறும் வானம், சுலபம். ஜெயக்கொடி இரண்டையும் விட்டாள். நாலு மாதமாகத் தன்னை மிரட்டியது எதுவோ அதிலேயே கை வைப்பது என்று முடிவு செய்து, கண் இருக்கும் பக்கத்தைத் தேடி எடுத்தாள். கண்ணும் சுற்றியுள்ள தோலும் சேர்ந்து ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதற்குள் பத்தொன்பது நிறம். பல இடங்களில் ஒரு நிறத்தில் ஒரே ஒரு தையல், உடனே நூலை மாற்ற வேண்டும், அடுத்த கட்டம் வேறு நிறம்.

முதல் நாள் முப்பத்தொரு தையல் போட்டாள். அதில் பன்னிரண்டைப் பிரித்தாள்.  இரண்டாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றில் பத்துக்குப் பத்து கட்டம் மட்டும் தெரியும்படி சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி வரைபடத்தின் மேல் வைத்தாள். மற்ற பதினைந்து பக்கத்தையும் தினத்தாளுக்கு அடியில் தள்ளினாள். இப்போது உலகத்தில் நூறு கட்டம்தான் இருந்தது. நூறு என்றால் நூறுதான். அதற்கு எவளும் பயப்பட வேண்டியதில்லை. துணியிலும் துவைத்தால் போகிற நீலப் பேனாவால் பத்துப் பத்துக் கட்டமாகக் கோடு போட்டு, அதை ஒரு மரச் சட்டத்தில் விறைப்பாகப் பூட்டினாள். மீதிப் பத்திரிகை அட்டைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, அறுபத்தொரு நூலையும் அவற்றில் சுற்றி, எண்ணும் குறியும் எழுதினாள். மாப்பிள்ளை பெயர் ஒரு துண்டில், பெண்ணின் பெயர் ஒரு துண்டில், முகூர்த்த நேரம் ஒரு துண்டில் என்று நூல்கள் டப்பாவில் வரிசையாக நின்றன.

கண் முடிய ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள் மத்தியானம் கடைசி வெள்ளைப் புள்ளியை, வெளிச்சம் பட்டு மின்னும் அந்த ஒற்றைத் தையலை, போட்டு இழுத்தாள். வெறும் துணியின் நடுவே ஒரு கண் மட்டும் அவளைப் பார்த்தது. ஜெயக்கொடி வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் திருப்பி முறைத்தாள்.

"பாரு. நல்லா பாரு," என்றாள் உரக்க.

அப்புறம் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு புதுப் பக்கத்தை எடுக்கும்போதும் அது கூடவே வந்தது. ஆனால் வரட்டும் என்று விட்டுவிட்டு ஊசியில் நூல் கோக்கப் பழகிவிட்டாள். சமையல் முடிந்து, எல்லோரும் கிளம்பிய பிறகு காலையில் ஒன்றரை மணி நேரம், சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இரண்டரை மணி நேரம். ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது தையல். சில நாள் முன்னூறு. கொண்டை வந்தது. அலகு வந்தது. கழுத்தின் ஒன்பது பழுப்பும் வந்து, தள்ளி நின்று பார்த்தால் வெயில் பட்ட சிறகாகத் தெரிந்தது. துரைராஜ் போகிற வருகிற வழியில் நின்று பார்த்தார்.

"கோழிக்கா இவ்ளோ பாடு?"

"சேவல்."

"சரி, சேவலுக்கா இவ்ளோ பாடு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வளைகாப்பு நடந்தது. இரண்டு மாதம் கழித்து, உதயாவுக்கு நாள் நெருங்கியபோது, ஒரு மத்தியானம் சுபத்ராவின் போன் வந்தது. துரைராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, குழந்த பொறந்ததும் அண்ணி ஒரு மூணு மாசம் வந்து இங்க தங்கட்டும். எனக்கு மளிகைக் கடையை வுட்டுட்டு நகர முடியல. ஆள் வெச்சா ஆயிரம் பேஜாரு. அண்ணி வூட்ல சும்மாதானே கீறாங்க?"

"வருவா வருவா, அதுக்கென்ன," என்றார் துரைராஜ். ஜெயக்கொடி பக்கம் திரும்பக்கூட இல்லை. குழம்புக் கரண்டியோடு அவள் மேசைக்கு எதிரில்தான் நின்றிருந்தாள்.

அந்த நொடியில் அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணப் பேச்சு முடிந்ததும் வகுப்புக்குப் போக வேண்டாம் என்றார் அப்பா. தபால் வழி பி.காம் இரண்டாம் வருஷத்தில் மாமியாருக்குப் பக்கவாதம். மூன்று வருஷம் படுக்கை. பியூட்டி பார்லர் கோர்ஸ் நாலாம் மாதம், இதே சுபத்ராவுக்கு உதயா பிறந்தாள். மாமியார் இல்லாத வீட்டில் பிரசவம் பார்க்க அண்ணிதானே வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பாதி பாதி என்று சிரித்தார்களே, அதில் ஒன்றையாவது அவளாகக் கைவிட்டதுண்டா? ஒன்றுகூட இல்லை.

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். போனை நோக்கிக் குனிந்தாள்.

"சுபத்ரா, நான் ஜெயா பேசறேன். மூணு மாசம் முடியாது. பத்து நாள் வரேன். உதயா எனக்கும் பொண்ணுதான், அந்தப் பத்து நாளும் எல்லா வேலையும் பாத்துக்கறேன். ஆனா என் தையல் சட்டத்தோடதான் வருவேன். மத்தியானம் ரெண்டு மணியில இருந்து நாலரை வரைக்கும் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. அதுக்கு மேல நீ ஆள் வெச்சுக்கோ."

 "அண்ணே, அண்ணி இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள் சுபத்ரா, ஜெயக்கொடி தமிழில் பேசாதது போல.

துரைராஜ் போனை அணைத்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னா ஜெயா இது? கூடப் பொறந்தவ கேக்கறா. ஒரு கோழி பொம்மைக்காவ முடியாதுன்னு சொல்றியா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"முடியாதுன்னு சொல்லல. பத்து நாள்னு சொன்னேன்."

"நீ சொல்லுவ, நான் ஒத்துக்கணுமா?"

"ஆமாங்க."

 அவர் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அந்த மூன்று நாளில் ஜெயக்கொடி எழுநூற்றுப் பத்து தையல் போட்டாள். நாலாம் நாள் அவரே, "டீ இருக்கா?" என்றார். இருந்தது.

உதயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜெயக்கொடி ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் தலையணை உறைக்குள் போட்ட சட்டமுமாகக் கோவிலம்பாக்கத்தில் இறங்கினாள். துரைராஜ்தான் காரில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பின்சீட்டில் இருந்த சட்டத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மேடவாக்கம் பக்கம் ரோடு குண்டும் குழியுமாக இருந்த இடத்தில், அவள் சொல்லாமலே, மெதுவாகப் போனார்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். விடியலில் எழுந்து பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, குழந்தைக்கு வெந்நீர், துணி அலசல் எல்லாம் அவள் கையால் நடந்தன. குறை சொல்ல ஓர் இண்டு இடுக்கு வைக்கவில்லை. இரண்டு மணிக்கு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் நாள் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"அண்ணி, பால் காய்ச்சணும்."

"நாலரைக்கு."

"ஒரு அஞ்சு நிமிஷம்தான் அண்ணி."

"பால் பாத்திரம் அடுப்பு மேலேயே இருக்கு, சுபத்ரா. லைட்டர் பக்கத்துல."

சுபத்ரா வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாக உருட்டினாள். பால் காய்ந்தது. அடுத்த நாளிலிருந்து யாரும் தட்டவில்லை.

அது நடந்தது ஆறாம் நாள். சேவலின் முதுகு முடிந்து, வந்த நாளிலிருந்து அவள் வாலில் இருந்தாள். வால்தான் அந்தப் படத்தின் மகுடம். கறுப்புக்குள் பச்சை, பச்சைக்குள் நீலம், நீலத்துக்குள் ஊதா என்று வளைந்து வளைந்து விழும் இறகுகள். முதுகும் வாலும் ஒட்டும் இடத்துக்கு வந்தபோது ஒரு பச்சைத் தையலுக்கு இடம் இல்லை. வரைபடத்தில் கட்டம் இருந்தது, துணியில் இல்லை. மறுபடி எண்ணினாள். நீலக் கோட்டிலிருந்து எண்ணினாள், கண்ணிலிருந்து எண்ணினாள். வால் முழுவதும் ஒரு கட்டம் உள்ளே தள்ளித் தைக்கப்பட்டிருந்தது. முதல் நாள் குழந்தை அழுதபோது எண்ணிக்கை தப்பியிருக்கிறது. தப்புக்குப் பிறகு போட்டவை மட்டும் எழுநூறு தையல்.

 பெரிய வேலை எல்லாருக்கும் வராது. அந்தக் குரல் கேட்டது, அதே மென்மையோடு. போட்டோ எடுத்துச் சேலையூர்க் குழுவின் வாட்ஸப்பில் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டாள். சுந்தரவல்லியின் பதில் உடனே வந்தது: "வால் முழுக்கப் பிரிச்சுடுங்க. பெரிய வேலைன்னா அப்படித்தான். தப்பை வச்சுக்கிட்டு மேல போகவே கூடாது." அதற்குக் கீழே நாலைந்து கட்டைவிரல்கள்.

ஜெயக்கொடி கத்தரிக்கோலை எடுத்தாள். வாலின் முதல் இறகின் அடியில் முனையை நுழைத்தாள். கண் கலங்கியிருந்ததால் நூல் எது துணி எது என்று தெரியவில்லை.

கதவு லேசாகத் திறந்தது. உதயா, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். "அத்தை, ரெண்டரை மணி நேரம்னு தெரியும். இவ தூங்க மாட்டேங்கறா. ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா, பேச மாட்டேன்." பிறகு கத்தரிக்கோலைப் பார்த்தாள். "என்னாச்சு?"

"ஒரு கட்டம் தள்ளிப் போட்டுட்டேன். பிரிக்கணும்."

உதயா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "எங்க தப்பு?"

"இங்க. முதுகுக்கும் வாலுக்கும் நடுவுல ஒரு வரிசை காணோம்."

"எனக்குத் தெரியலையே அத்தை."

"எனக்குத் தெரியுதே."

சொல்லிவிட்டு ஜெயக்கொடி மறுபடி துணியைப் பார்த்தாள். இந்த முறை எண்ணவில்லை, சும்மா பார்த்தாள். அவளுடைய பிறந்த வீட்டில் எத்தனையோ சேவல்கள் இருந்திருக்கின்றன. எந்தச் சேவலும் இன்னொன்று மாதிரி இருந்ததில்லை. முதுகு குட்டையான சேவல் உண்டு, வால் சாய்ந்த சேவல் உண்டு. துணியில் இருந்ததும் ஒரு சேவல்தான். ஒரு நூலளவு முதுகு குட்டை. அது தன்னைக் கோணல் என்று நினைப்பதாகத் தெரியவில்லை. அதன் கண்ணில் அப்படி ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரைத் தைத்தவள் யார்?

அவள் கத்தரிக்கோலைப் படுக்கையில் போட்டாள். பென்சிலை எடுத்தாள். வரைபடத்தில் முதுகும் வாலும் சேரும் இடத்தில் ஒரு நெடுக்கு வரிசையை, மேலிருந்து கீழாக, நாலு பக்கத்திலும் சேர்த்து அழுத்தி அடித்தாள். அந்த வரிசை இனி இல்லை. அடித்த இடத்தில் இரண்டு பக்கத்து நிறங்களும் எப்படிக் கலக்க வேண்டும் என்று தன் கையாலேயே புதிதாகக் குறி போட்டாள். அச்சடித்த காகிதத்தின் மேல் அவளுடைய கோணல் மாணல் முக்கோணங்கள். பதினாறு பக்கமும் முதன்முறையாக வெறும் காகிதமாகத் தெரிந்தன.

"பிரிக்கலையா அத்தை?"

"இல்ல. அந்தத் தாள் தைக்கல, நான்தான் தைக்கறேன்."

குழுவில் ஒரு வரி எழுதினாள்: "பிரிக்கவில்லை. படத்தை மாற்றிவிட்டேன்." பதிலுக்குக் காத்திராமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசியில் பச்சை நூல் கோத்தாள். உதயா மூலையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூங்கிப் போனதும் அவளும் சுவரில் சாய்ந்து தூங்கினாள். நாலரை வரைக்கும் அந்த அறையில் நூல் துணியை உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

பத்தாம் நாள் ஜெயக்கொடி கிளம்பினாள். "இன்னும் ஒரு வாரம் இருந்தா இன்னா அண்ணி?" என்றாள் சுபத்ரா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பத்து நாள் என்றால் பத்து நாள் என்று சொல்லி, குழந்தையின் உச்சியை முகர்ந்துவிட்டு இறங்கினாள். சுபத்ரா ஆள் வைத்துக்கொண்டாள். ஆயிரம் பேஜார் ஒன்றும் வரவில்லை.

முழுதாகப் பதினோரு மாதம் பிடித்தது. இடையில் ஐந்து வாரம் கழுத்து வலியால் சட்டத்தைத் தொடவே இல்லை. மழைக்காலத்தில் வெளிச்சம் இல்லாமல் நாளைக்கு நாற்பது தையலோடு நின்ற நாட்களும் உண்டு. கால் நகத்தின் சாம்பல் நிறம் தீர்ந்துபோய், அதே எண் நூல் தேடித் தாம்பரம் மார்க்கெட்டில் ஆறு கடை ஏறி இறங்கினாள். கிடைக்காமல், கிட்டத்தட்ட இருந்த வேறு சாம்பலைப் போட்டாள். ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, வானத்தின் கீழ் மூலையில், கடைசித் தையல் விழுந்தது. வீட்டில் யாரும் இல்லை. அவள் ஒரு டம்ளர் மோர் குடித்தாள். பிறகு துணியைச் சட்டத்திலிருந்து கழற்றி, சோப்பு நீரில் அலசி நீலக் கோடுகளைப் போக்கி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, குப்புறப் போட்டு இஸ்திரி செய்தாள்.

சாயங்காலம் துரைராஜ் வந்து மேசை முன் நின்றார்.  விரலை நீட்டி, தொடலாமா என்று யோசித்து, பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பிறகு வாலைத் தொட்டார்.

"இது எல்லாம் நூலா?"

"நூல்தான்."

"கடையில மாட்டலாம் ஜெயா. வர்றவன்லாம் பாப்பான்."

"சிமெண்ட் தூசியிலயா? அது கூடத்துலதான் இருக்கும்."

"சரி," என்றார். தேவதர்ஷினி போட்டோ எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

அந்த மாதச் சனிக்கிழமை அவள் சேலையூருக்குப் போனாள். சுந்தரவல்லி துணியை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "கண்ணு ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார், மனசாரத்தான் சொன்னார். பிறகு பழக்க தோஷத்தில் பின்பக்கம் திருப்பினார். அங்கே நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடி முடிச்சு முடிச்சாகக் கிடந்தன.

"ஐயோ, பின்பக்கம் இப்படி இருக்கக் கூடாதும்மா. முதுகுல ஒரு வரிசையும் குறையுது பாருங்க."

"தெரியும் மேடம். வரிசையை நான்தான் எடுத்தேன். பின்பக்கம் சுவத்தைத்தானே பார்க்கப் போகுது."

பனிக்காட்டைத் தைத்துக்கொண்டிருந்த பெண் குபீரென்று சிரித்தாள்.  சுந்தரவல்லி துணியை முன்பக்கம் திருப்பி, எல்லோரும் பார்க்கும்படி மேசையில் விரித்து வைத்தார். மற்றவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். பின்பக்கத்தைப் பற்றி அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஜெயக்கொடியும்தான்.

கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபத்ரா பேத்தியைத் தூக்கிக்கொண்டு முடிச்சூருக்கு வந்தாள். எட்டு மாதக் குழந்தை கையை நீட்டிச் சேவலைப் பிடிக்கப் பார்த்தது. சுபத்ரா முன்னால் நகர்ந்து, பின்னால் நகர்ந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தாள்.

"நான்கூட இன்னாவோன்னு நெனச்சேன் அண்ணி. உசுரோட கீற மாரியே கீது. எங்க வூட்டுக் கூடத்துக்கும் இதே மாரி ஒண்ணு பண்ணிக் குடுங்க. மயில் போடுங்க. நெறைய கலரு வெச்சு. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா பண்ணுங்க, நீங்க வூட்லதானே..." என்று ஆரம்பித்தவள், என்ன நினைத்தாளோ, வாக்கியத்தை முடிக்கவில்லை.

சமையலறையில் காபி பொங்கும் சத்தம் கேட்டது. ஜெயக்கொடி எழுந்தாள்.

"பண்ண மாட்டேன், சுபத்ரா," என்றாள். "உனக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும்?"